கல்வெட்டு சொல்லாத காரணம்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950–54) வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. நாவலின் மையமான ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய கல்வெட்டும் அந்த ஏரியை அடுத்த உடையார்குடிக் கோயிலில்தான் இருக்கிறது. முதலாம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுச் சாசனம் அது. கொன்ற துரோகிகளென்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்களைப் பெயர் சொல்லி, அவர்கள் சொத்தையும் உறவினர் சொத்தையும் பறிக்கச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்வதில்லை.

அந்த மௌனத்தில் கல்கி பழியை வைத்தார்: வீரபாண்டியன் தலைக்குப் பதில் தலை. ரவிதாஸனின் பட்டம் 'பஞ்சவன் பிரம்மாதிராஜன்'. பஞ்சவன் என்றால் பாண்டியன், ஊகத்துக்கு இடமுண்டு. ஆனால் தம்பி பரமேஸ்வரனோ 'இருமுடிச் சோழ பிரம்மாதிராஜன்'. இது சோழ அரசு தன் அதிகாரிக்குத் தரும் பெயர். நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழனைச் சந்தேகித்தார்; சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார்.

க. நா. சு. வழி வந்த விமர்சனம் நாவலைக் கேளிக்கையென்று ஒதுக்கியது. அதன் சரித்திரத்தைச் சோதிக்கும் வேலையும் அதோடு நின்றுபோயிற்று. 2022இல் மணிரத்னத்தின் படம் வந்தபோது, புதுவாயல் டீக்கடையில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் யார் கொன்றது என்று வாதாடக் கேட்டேன். பெயர்கள் ஆயிரமாண்டாகக் கல்லில் இருக்கின்றன. காரணத்தை யாரும் கேட்கவில்லை. நாவல் அதை முன்பே தந்துவிட்டது. பகைவன் பழி தீர்த்தான் என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. சோழ இளவரசனைச் சோழ அதிகாரிகளே கொன்றார்கள் என்பதில் அது இல்லை.