கொடுத்தவர் யார்? சீனத்துத் தத்துக் குழந்தைகளின் வரலாறு

'தத்து' என்னும் சொல், கொடுக்கப்பட்டது என்று பொருள்படும் 'தத்தம்' என்ற வடசொல்லின் வழி வந்தது. எனவே அச்சொல்லுக்குள்ளேயே கொடுப்பவர் ஒருவரும் கொள்பவர் ஒருவரும் உறைகின்றனர். மனுநூல் எண்ணும் பன்னிரு வகைப் புதல்வருள் மூவர் ஈண்டு நினைக்கத்தக்கவர். பெற்றோர் கொடுக்கப் பிறர் கொண்டவன் தத்தன். பெற்றோர் கைவிடப் பிறர் எடுத்து வளர்த்தவன் அபவித்தன். விலை கொடுத்துப் பெறப்பட்டவன் கிரீதன். நம் நாட்டு 1956-ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டமும், ஒருவர் கையளிக்க மற்றவர் கையேற்றால் மட்டுமே தத்து செல்லும் என்கிறது. பழைய இச்சொற்களை உரைகல்லாகக் கொண்டு அண்மைக்கால வரலாறு ஒன்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1992 முதல் 2024 வரை சீனத்திலிருந்து 1,60,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் அயல்நாட்டுப் பெற்றோரால் தத்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண் மகவுகள். பாதிக்கு மேற்பட்டோர் சென்றடைந்த நாடு அமெரிக்கா.

ஒரு குழந்தைக் கொள்கை

சீன அரசு 1980-ஆம் ஆண்டையொட்டி ஒரு குழந்தைக் கொள்கையை நாடெங்கும் நடைமுறைப்படுத்தியது. சிற்றூர் உழவர்க்கு அது பெரும் இடராயிற்று. மகள் மணமாகிக் கணவன் வீடு செல்வாள். மகனும் மருமகளுமே முதுமையில் சோறிடுவர். ஓய்வூதியம் என்பது அவர்கள் அறியாதது. இக்குமுறலைக் கண்ட அரசு, 1980-களின் நடுவில் விதியைச் சற்றுத் தளர்த்திற்று. முதற்குழந்தை பெண்ணாயின் இரண்டாவது மகவு பெறலாம் எனப் பல மாகாணங்கள் உழவர்க்கு இசைவளித்தன. அதன் விளைவாகச் சுமை முழுதும் இரண்டாம் மகளின் தலையில் இறங்கியது. அவள் பிறந்து பதிவு பெற்றுவிட்டால் மகனுக்கு இடமில்லை. மீறிப் பெற்றால் பெருந்தண்டம், வீட்டுப் பொருள் பறிமுதல், கட்டாயக் கருத்தடை ஆகியவை காத்திருந்தன.

ஆகவே அங்காடி வாயிலிலும், காவல் நிலையப் படிக்கட்டிலும், பேருந்து நிலையத்திலும் துணியில் பொதிந்த சிசுக்கள் கிடந்தன. சிலவற்றின் ஆடைக்குள் பிறந்த நாளையும் நேரத்தையும் குறித்த சிறு தாள் இருந்தது. குழந்தையைக் கைவிடுதல் சட்டப்படி குற்றம். வெளிப்படையாகக் கையளிக்கவோ வழியில்லை. கொடுக்க முன்வருபவள் விதி மீறிப் பெற்றவள் என்று தானே ஒப்புக்கொண்டவளாவாள். ஆதலின் கொடுப்பவள் மறைந்திருந்து நோக்கி, யாரேனும் எடுத்தபின் இருளில் நழுவ வேண்டியிருந்தது. அக்குழந்தைகளின் கோப்புகளில் தாய் பெயர் இல்லை. கண்டெடுக்கப்பட்ட இடம் மட்டுமே உண்டு.

1991 டிசம்பரில் இயற்றப்பட்டு 1992 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தத்தெடுப்புச் சட்டம், தத்தெடுப்போர் 35 வயது நிறைந்தவராகவும் பிள்ளையில்லாதவராகவும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. மிகுதியாகப் பிறந்த மகளை உறவினர் வீட்டில் தத்தென மறைத்து வளர்ப்பதைத் தடுக்கவே இந்நிபந்தனை. இதனால் பெண் குழந்தையை விரும்பிய உள்நாட்டுக் குடும்பங்கள் பல தகுதி இழந்தன. அதே சட்டம்தான் அயல்நாட்டார்க்கும் வாயிலைத் திறந்தது. 1999-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் வயதை 30 ஆகக் குறைத்தது. காப்பகக் குழந்தைகளின் வகையில் பிள்ளையின்மை என்ற நிபந்தனையையும் நீக்கிற்று.

கடல் கடந்த பெற்றோர்

இனி, கொள்வோர் பக்கத்தை நோக்குவோம். இல்ல ஆய்வறிக்கை, மருத்துவச் சான்று, காவல்துறைச் சான்று, வருவாய்ச் சான்று ஆகியவற்றைத் திரட்டிச் சீனத் தூதரக முத்திரையுடன் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தனர். ஒருநாள் சிறிய நிழற்படம் ஒன்றும் உயரம், எடை முதலிய விவரங்கள் அடங்கிய தாளும் வரும். பிறகே பயணம். மாகாணத் தலைநகரில், பெரும்பாலும் அரசு அலுவலகத்திலோ விடுதிக் கூடத்திலோ, காப்பகச் செவிலி குழந்தையைக் கொண்டுவந்து கையில் தருவாள். அதுவரை அவளையே தாயென அறிந்த குழந்தை கதறி அழும். பதிவு முடிந்ததும் காப்பகத்திற்கு நன்கொடையாக 3,000 டாலர் அளவில் செலுத்தப்பட்டது.

அமெரிக்கர் அனைவரும் அடுத்துச் செல்ல வேண்டிய ஊர் குவாங்சோ. குடியேற்ற விசா வழங்கிய அமெரிக்கத் தூதரக அலுவலகம் அங்குதான் இருந்தது. அதனருகே ஷாமியன் தீவில் இருந்த ஒயிட் ஸ்வான் விடுதியில் புதிய பெற்றோர் திரளாகத் தங்கினர். சுற்றிலும் குழந்தை ஆடைகளும் தள்ளுவண்டிகளும் விற்கும் கடைகள் முளைத்தன. மேட்டல் நிறுவனம் அவ்விடுதியில் தங்கிய பெற்றோர்க்கெனவே பொம்மை ஒன்றை வழங்கிற்று. பொன்னிறக் கூந்தல் பார்பி சீனக் குழந்தை ஒன்றை ஏந்தி நிற்கும் பொம்மை அது. பெற்றவள் அக்காட்சியில் இல்லை.

அப்பெற்றோரின் அன்பைக் குறைத்து மதிப்பிடுதல் அறமன்று. பல்லாண்டு மகப்பேறின்றி ஏங்கியவரும், கடன் பெற்றுப் பயணம் செய்தவரும் அவர்களுள் உண்டு. காதலரைப் பிணைக்கும் சிவப்பு நூல் என்ற சீனத் தொன்மத்தை எடுத்து, தமக்கும் குழந்தைக்கும் இடையே அந்நூல் முன்பே கட்டப்பட்டிருந்தது என்று அவர்கள் நம்பினர். ஆயின் நூலின் ஒரு முனை எங்கோ அறுக்கப்பட்டது என்பதை அந்நம்பிக்கை மறைத்துவிட்டது.

வெளிப்பட்ட உண்மைகள்

அமெரிக்காவுக்குச் சென்ற சீனக் குழந்தைகளின் எண்ணிக்கை 2005-இல் உச்சத்தை எட்டியது. அவ்வோராண்டில் மட்டும் ஏறத்தாழ 7,900 பேர். அதே ஆண்டில் ஹூனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதியில் காப்பகங்கள் இடைத்தரகரிடமிருந்து பணம் கொடுத்துக் குழந்தைகளை வாங்கியது வெளிப்பட்டது. 2006-இல் பலர் தண்டிக்கப்பட்டனர். அபவித்தை எனக் கோப்பில் எழுதப்பட்டவர்களுள் கிரீதையரும் இருந்தனர் என்பது இதனால் தெளிவாகிறது.

ஆய்வாளர் கே ஆன் ஜான்சன், தாமும் சீனத்தில் ஒரு மகளைத் தத்தெடுத்தவர். 2016-இல் வெளிவந்த அவரது நூல், சீனர்க்குப் பெண் மகவு வேண்டாதது என்ற பொதுக்கருத்தைத் தகர்க்கிறது. மகளை மறைத்து வளர்க்கப் போராடிய தாயரையும், கண்டெடுத்த சிசுவைத் தம் மகளாகவே வளர்த்தும் அதிகாரிகளிடம் பறிகொடுத்த குடும்பங்களையும் அந்நூல் காட்டுகிறது. ஹூனான் சிற்றூர் ஒன்றில் 2002-இல் அதிகாரிகள் பறித்துச் சென்ற இரட்டைப் பெண்களுள் ஒருத்தி அமெரிக்காவில் வளர்ந்த செய்தியை இதழாளர் பார்பரா டெமிக் தம் 2025-ஆம் ஆண்டு நூலில் விரிக்கிறார். அக்குழந்தையைப் பெற்றோர் கொடுக்கவுமில்லை, கைவிடவுமில்லை, விற்கவுமில்லை. மனுநூலின் பன்னிரண்டில் அவளுக்குப் பெயரில்லை.

1993-இல் நிறைவேறிய ஹேக் உடன்படிக்கை, பெற்றோரின் உண்மையான இசைவையும் உள்நாட்டு வாய்ப்பையும் முதலில் ஆராயப் பணித்தது. சீனத்தில் அது 2006-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பல்லாயிரம் குழந்தைகள் கடல் கடந்துவிட்டனர். ஒரு குழந்தைக் கொள்கை 2016-இல் முடிவுற்றது. 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவினர் நீங்கலாக அயல்நாட்டார் தத்தெடுப்பதைச் சீன அரசு நிறுத்திவிட்டது.

திரும்பி வருவோர்

அன்று தூக்கிச் செல்லப்பட்டோர் இன்று இளம்பெண்கள். மரபணுச் சோதனை முடிவையும் பழைய நாளிதழ் அறிவிப்பையும் ஏந்தி, தாம் கிடந்ததாகக் கோப்பு கூறும் வாயிலைத் தேடிச் சிலர் வருகின்றனர். நம் மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் இவர்களுக்கு மூத்தவன். சாலி கைவிட, ஆ ஒன்று பாலூட்ட, இளம்பூதி எடுத்து வளர்த்தான். பிறப்பு வெளிப்பட்டதும் ஊரார் இகழ, வளர்த்தவனும் அவனைத் துரத்தினான். மறுபிறப்பில் சாவக நாட்டில் மகவற்ற மன்னன் பூமிசந்திரனின் வளர்ப்பு மகனாகி, புண்ணியராசன் என அரசாண்டான். தன் பிறப்பின் உண்மை அறிந்ததும் கடல் கடந்து மணிபல்லவம் போந்து, தன் முற்பிறப்பின் என்பைத் தானே கண்டான். அரியணையும் அன்பும் பெற்றவனுக்கும் தன் முன்னை வரலாற்றைக் காணாமல் அமைதி இல்லை எனச் சாத்தனார் உணர்ந்திருந்தார்.

இவ்வரலாற்றில் கொண்டவரின் பயணம் விரிவாக எழுதப்பட்டுள்ளது. நிழற்படங்களும் நினைவுக் குறிப்புகளும் மிகுதி. பிறந்த நேரத்தைத் தாளில் எழுதி மகவின் ஆடைக்குள் செருகிய கையின் வரலாறோ எழுதப்படவில்லை. அஞ்சிப் பேசாதிருந்த அத்தாயருட் பலர் இன்றும் உயிரோடிருக்கின்றனர். தேடிவரும் மகள் அவர்களிடம் கேட்பது 'என்னைக் கொடுத்தாயா, என்னைப் பறித்தார்களா?' என்ற ஒரே வினாவைத்தான். அவ்வினாவுக்கு விடை சொல்லக் கூடியவர் அவர் மட்டுமே. அவர்கள் மறைவதற்குள் அவ்விடைகள் பதிவாக வேண்டும். அதுவரை அப்பெண்களைத் தத்து மகளிர் என்று நாம் அழைப்பது, கொடுத்தவர் ஒருவர் இருந்தார் என்று நிறுவாமலே கூறுவதாகும்.