ஊவாத் தோட்டங்களும் தொழிற்சங்கச் சொற்களும்

பண்டாரவளையைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் இருவகை உழைப்பாளர் அருகருகே வாழ்கின்றனர். பாடசாலை ஆசிரியர் அரசாங்க ஊழியர். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உடையவர். அவர்முன் அமர்ந்திருக்கும் மாணவியின் தாயோ நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவர். 1975 முதல் 1992 வரை இவ்விருவருக்கும் முதலாளி ஒருவரே, அதுவும் அரசுதான். ஆயினும் சம்பளம், வேலைநீக்கம், பேச்சுவார்த்தை என்னும் சொற்கள் இருவருக்கும் ஒரே பொருளைத் தரவில்லை. இவ்வேறுபாட்டின் வரலாற்றையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

தோட்டத்து அகராதியின் முதற்சொல் 'பேர்'. ஒருநாள் உழைப்பு செக்றோலில் பதிந்தால் ஒரு பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். தம் பெயரையே கூலியின் அளவாகக் கொண்ட மக்கள் இவர்கள்! 'துண்டு' என்பது தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டு. கடனை அடைக்கும் தோட்டத்துக்கே அவனும் போயாக வேண்டும். அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 'பற்றுச்சீட்டு' நகரத்தாருக்குப் பணம் பெற்றதற்கான அத்தாட்சி. தோட்டத்திலோ வேலைநீக்கக் கடிதம். லயத்து அறையும் தோட்டத்தின் சொத்தாதலால், அச்சீட்டுடன் குடியிருப்பும் போயிற்று.

'சங்கம்' என்ற சொல் இம்மலைகளுக்குத் தாமதித்தே வந்தது. தோட்டத்துரைமார் 1854இலேயே தமக்கொரு சங்கம் அமைத்துக்கொண்டனர். அதை எவரும் கிளர்ச்சி என்று சொல்லவில்லை. தொழிலாளருக்கென நடேசய்யர் சங்கம் கண்டது 1931இல். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் எழுவர் கூடினாற் சங்கம் பதியலாம் என்றது. ஆனால் சட்டத்தில் உள்ள உரிமை தோட்டத்துப் படலையைத் தாண்டி உள்ளே நுழைய, உயிர்ப்பலி வேண்டியிருந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். மே மாதத்தில் வேலைநிறுத்த அலை ஊவாவை வந்தடைந்தது. பதுளைப் பகுதியின் வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தேர்ந்தெடுத்தனர்; அதனுடன் கலந்தே நிருவாகம் நடத்தத் துரையும் இணங்கினார். 'ஒழுங்கை' நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரிடமிருந்து ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர். கங்காணியின் வாய்வழியாகவே அதுவரை பேசி வந்த மக்களுக்குப் 'பிரதிநிதி' என்ற சொல்லின் பொருள் அன்று விளங்கிற்று. பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஒரு வாரத்துக்கு மேலாகத் துண்டித்துவிட்ட வெள்ளமும் சேர்ந்து அப்போராட்டத்தை முறித்தன. ஜூனில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா ஆகிய சமசமாஜத் தலைவர்கள் சிறைப்பட்டனர்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களின் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. அதன்பின் 'சந்தா' வெறும் மாதக் கட்டணமாக இருக்கவில்லை. வாக்குச்சீட்டு இல்லாதவனுக்குத் தன் குரலைப் பதிவதற்கு எஞ்சிய வழி அதுவே. அச்சந்தாவையும் தோட்ட நிருவாகமே சம்பளத்திற் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் வழக்கம் பின்னர் நிலைத்தது. இது சங்கத்துக்கு வசதிதான். ஆனால் உறுப்பினரின் வாசலுக்குத் தலைவர் வரவேண்டிய தேவை குறைந்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் புதிய முதலாளிகள். துரையின் நிறம் மாறியது, பேர் மாறவில்லை. நாட்கூலி நாட்கூலியாகவே நின்றது. 1984 ஏப்ரலில் தோட்டச் சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவர் தொண்டமான் அப்போது அமைச்சரவையில் இருந்தார். அரசே முதலாளி, அவ்வரசின் அமைச்சரே வேலைநிறுத்தத்தின் தலைவர்! இம்முரணை எள்ளி நகையாடலாம். எனினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி அவ்வாண்டிலேயே கிடைத்தது என்பதை அந்நகைப்பு அழித்துவிடாது.

இனி ஆசிரியரிடம் வருவோம். 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குச் சட்டம் சமரசம், நடுத்தீர்ப்பு, கூட்டு ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு வழிவகுத்தது. ஆனால் அரசாங்கம் நேர் முதலாளியாயிருக்கும் இடத்தில் அச்சட்டம் செல்லாது. கூட்டுத்தாபனத்தின் கீழிருந்த கொழுந்துத் தொழிலாளிக்கு உரிய நடுத்தீர்ப்பு, ஓய்வூதியம் பெறும் ஆசிரியருக்கு இல்லை. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 40,000 ஊழியர் வேலையிழந்தனர். வேலைக்குத் திரும்பாதவர் 'பதவியை விட்டு நீங்கியவர்' எனக் கருதப்பட்டார். விரட்டப்பட்டவன் தானே விலகியவனாக எழுதப்படுகிறான். பற்றுச்சீட்டாவது விரட்டுகிறோம் என்பதை ஒளிக்கவில்லை.

1992இல் தோட்டங்களிற் பெரும்பகுதியின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குச் சென்றது. கூலி கூட்டு ஒப்பந்தத்தால் முடிவாயிற்று. 2021இற் சம்பள நிர்ணய சபை நாட்கூலியை 1,000 ரூபாய் ஆக்கியபோது, கம்பனிகள் அவ்வொப்பந்தத்தை விட்டு விலகின. கூலி ஏறிற்று, ஆனால் எத்தனை கிலோவுக்கு ஒரு பேர் என்பதைச் சங்கத்தோடு பேசித் தீர்க்கும் மேசை இல்லாது போயிற்று. அந்த எண்ணிக்கையைப் பற்றிய வாக்குவாதம் தராசடியில், கணக்கப்பிள்ளைக்கும் கூடையை இறக்கிவைத்த பெண்ணுக்கும் இடையில் நடக்கலாயிற்று.