பல்லைக் கொடுத்தவர் யார்?

பல் போனால் சொல் போச்சு என்பர் நம் நாட்டார். போவது சொல் மட்டுமா? மெல்லும் வலிமை போகிறது, கன்னம் ஒட்டுகிறது, பத்துப் பேர் கூடிய இடத்திலே வாய்விட்டுச் சிரிக்கும் துணிவு போகிறது, கை தானாகவே எழுந்து வாயை மறைக்கிறது. ஆகவே, போன பல்லின் இடத்தை எதைக் கொண்டேனும் நிரப்பிவிட வேண்டும் என்ற ஏக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. அந்த ஏக்கத்துக்கு இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டு வயது உண்டு.

இன்று அதற்கு மருந்து என்று ஒரு பெயர் உலவுகிறது: வெனீர். பல்லின் முன்முகத்திலே ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் ஓடு அது. விளம்பரத்திலே வெண்முத்து வரிசையைக் காண்கிறான் இளைஞன். அவன் வாயிலோ மூன்று பற்கள் இல்லை. "எனக்கும் அதை ஒட்டுங்கள்" என்கிறான். இல்லாத பல்லின் மேல் ஒட்ட முடியாது என்கிறது அறிவியல். ஏன் முடியாது? வேறென்ன வழி? அந்த வழி பிறக்கும் முன்னே, பல்லிழந்தோர் வாயை நிரப்ப யார் யார் என்னென்ன விலை கொடுத்தனர்? வரலாற்றின் துணைகொண்டு இவற்றை ஆராய்வோம், தோழர்களே! வாய்க்குள்ளேயும் வரலாறு இருக்கிறது. அங்கேயும் உடையவர் உண்டு, உழைத்தவர் உண்டு, பறிகொடுத்தவரும் உண்டு.

இத்தாலியிலே, ரோம் தலையெடுக்கு முன்னரே வாழ்ந்த எட்ருஸ்கர் எனும் இனத்தார், கி.மு. ஏழாம் நூற்றாண்டு முதலே பொன் தகட்டைப் பட்டையாக வளைத்து, இருக்கும் பற்களோடு பொய்ப்பல்லைப் பிணைத்துக் கட்டினர். கல்லறைகளிலே கிடைத்த அந்தப் பட்டைகள் செல்வக்குடிப் பெண்களுடையவை என்பர் ஆய்வாளர். ரோமர் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலே வகுத்த பன்னிரு பலகைச் சட்டம், பிணத்தோடு பொன்னைப் புதைக்கலாகாது என்று தடுத்தது. பல்லைக் கட்டிய பொன்னுக்கு மட்டும் விலக்களித்தது. சட்டம் தனியே விலக்களிக்கும் அளவுக்குச் சிலர் வாயிலே பொன் இருந்தது. பலர் வாயிலே? பொக்கைதான் இருந்தது!

பொக்கை ஏன் வந்தது என்று மக்கள் கேட்டபோது, கிடைத்த விடை புழு! பல்லினுள்ளே ஒரு புழு குடியிருந்து அரிக்கிறது என்று பாபிலோனியர் நம்பினர். அதை விரட்டும் மந்திரத்தைக் களிமண் பலகையிலே எழுதியும் வைத்தனர். கி.பி. 249 இல் அலெக்சாந்திரியா நகரிலே அப்பலோனியா என்னும் கிறித்தவப் பெண்ணின் பற்களைக் கலகக் கும்பல் உடைத்தது. பல்வலி கண்டோர் பல நூற்றாண்டுகள் அந்தப் பெண்ணைப் புனிதையாக்கி வேண்டினர். நம் மொழியிலும் சொத்தைப் பல்லுக்குப் பூச்சிப்பல் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. பழைய நம்பிக்கை அந்தப் பெயரிலே படுத்துறங்குகிறது!

புழுவைக் கண்ணால் கண்டவர் உண்டா என்று கேட்டார் ஒருவர். பிரெஞ்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார். 1728 இல் அவர் வெளியிட்ட நூல், இன்றைய பல் மருத்துவத்தின் அடிக்கல். தேடியும் புழுவைக் காணோம் என்று துணிந்து எழுதினார். சர்க்கரைப் பண்டங்களே பல்லுக்குப் பகை என்றும் எச்சரித்தார். 1890 இல் மில்லர் எனும் அறிஞர் மிச்சத்தையும் விளக்கினார்: உண்ட மாவையும் சர்க்கரையையும் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. மந்திரம் ஓடிற்று, காரணம் நின்றது.

ஆனால் அறிவு வந்த வேகத்தைவிடச் சர்க்கரை வந்த வேகம் பெரிது. 18 ஆம் நூற்றாண்டிலே ஐரோப்பியச் செல்வர் மேசையிலே அது குவிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள், கரீபியத் தீவுகளிலே கரும்பு வெட்டி, ஆட்டி, காய்ச்சிய சர்க்கரை அது. இனிப்பு சீமாட்டியின் பல்லை அரித்தது. அரித்த இடத்துக்கு வேறு பல் வேண்டுமே! எங்கே கிடைக்கும்? ஏழையின் வாயிலே கிடைக்கும்!

இலண்டனிலே ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், ஒருவர் வாயிலிருந்து பிடுங்கிய பல்லைச் சூடு ஆறுமுன் மற்றொருவர் வாயிலே நடலாம் என்று 1771 இல் வெளிவந்த தம் நூலின்வழிப் பரப்பினார். அந்தக் கொடுமையை 1787 இல் ரோலண்ட்சன் என்ற ஓவியர் கேலிச் சித்திரமாகத் தீட்டினார். புகைக்கூண்டு துடைக்கும் சிறுவன் நாற்காலியிலே அமர்ந்திருக்கிறான். அவன் பல்லைப் பிடுங்குகிறார் மருத்துவர். பக்கத்திலே பட்டாடைச் சீமாட்டி அதற்காகக் காத்திருக்கிறாள். பல்லைக் கொடுத்த ஏழைக் குழந்தைகள் வலியோடு வெளியேறுகின்றனர். பிடுங்கி நட்ட பல் நிலைத்ததா? இல்லை. சில காலத்திலே ஆடி விழுந்தது. போகும்போது மேகநோயையும் தந்துவிட்டுப் போனதுண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ, 1862 இல் எழுதிய ‘ஏழை படும் பாடு’ நாவலிலே, மகளைக் காப்பதற்காக ஃபாந்தீன் தன் முன்பற்கள் இரண்டை நாற்பது பிராங்குக்கு விற்பதைக் காட்டினார். அது வெறும் கற்பனை என்று எண்ணற்க! அப்படியொரு வாணிகம் இருந்ததாலேயே அந்தக் கற்பனை பிறந்தது.

அமெரிக்க நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789 இல் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான். மரப்பல் அணிந்தார் என்று கதை சொல்வர். மரமன்று, நீர்யானைத் தந்தம், விலங்குப் பல், மனிதப் பல், ஈயம் இவற்றாலானவை அவர் அணிந்த பற்கள். மனிதப் பல் எங்கிருந்து வந்தது? அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணைக் கணக்கேட்டிலே 1784 மே மாதத்து வரி ஒன்று கூறுகிறது: ஒன்பது பற்களுக்காக நீக்ரோக்களுக்குக் கொடுத்தது ஆறு பவுன், இரண்டு ஷில்லிங். பல் மருத்துவரின் பெயர் அந்த வரியிலே இருக்கிறது. பல்லைக் கொடுத்தவர் பெயர் இல்லை. விடுதலைக்குப் போராடிய வீரரின் பண்ணையிலே, வேண்டாம் என்று சொல்லும் உரிமையே இல்லாத மக்களிடம் நடந்த கொள்முதல் அது! விலை கொடுத்தாரே என்பாருக்கு நாம் ஒன்றே கேட்கிறோம்: விற்க மாட்டேன் என்று சொல்ல முடியாதவனோடு நடப்பது வாணிகமா?

1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூ களத்திலே நெப்போலியன் தோற்றான். மாண்டு கிடந்த இளம் வீரர்களின் வாயைத் திறந்து பற்களைப் பிடுங்கினர் பிணம் பொறுக்குவோர். இலண்டன் பல் கடைகளுக்கு அவை சென்றன. போர்க்களத்துப் பல்லுக்கு ‘வாட்டர்லூ பற்கள்’ என்ற பெயரே நிலைத்தது. வென்ற நாட்டானும் தோற்ற நாட்டானும் சீமான் வாயிலே ஒரே வரிசையாக நின்றனர்!

இந்த இழிவை ஒழித்தது எது? இரக்கமா? அறவுரையா? அவற்றினும் மேலாக, உலைக்களம்! 1774 இல் பாரிசு நகர மருந்து வணிகர் துஷாத்தோ, நாறிக் கறுத்த தம் தந்தப் பற்களுக்கு மாற்றாகப் பீங்கான் பற்களைச் செய்வித்தார். 1808 இல் ஃபோன்சி என்பவர், தனித்தனிப் பீங்கான் பல்லை உலோக ஊசியோடு வார்த்தார். 1851 இல் கெட்டி ரப்பர் வந்தது. ஈறுக்குப் பொருந்தும் அடித்தட்டு மலிவாகக் கிடைத்தது. பிணத்தையும் ஏழையையும் தேட வேண்டியதில்லை. மண்ணும் ரப்பரும் போதும் என்றாயிற்று.

மலிவானதையும் விடுமா முதல்? கெட்டி ரப்பர்ப் பல்லுக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்க நிறுவனம், ஒவ்வொரு பல் மருத்துவரிடமும் கப்பம் கேட்டது. தர மறுத்தோரை வழக்கு மன்றத்துக்கு இழுத்தது. அதன் பொருளாளர் ஜோசையா பேகன், 1879 ஏப்ரலில், சான்பிரான்சிஸ்கோ விடுதி ஒன்றிலே, அவரால் வழக்குக்கு இழுக்கப்பட்ட பல் மருத்துவர் ஒருவரின் துப்பாக்கிக்கு இரையானார். கொலையை நாம் போற்றவில்லை. காப்புரிமை 1881 இல் காலாவதியான பிறகே எளியவர் பல் கட்டிக்கொள்வது எளிதாயிற்று என்ற உண்மையை மறக்கவும் இல்லை.

பல் சலுகையா, உரிமையா? இந்த வினா ஓர் அரசையே அசைத்தது. 1948 இல் பிரிட்டனிலே தொழிற்கட்சி அமைச்சர் அன்யூரின் பெவன், மருத்துவம் யாவருக்கும் இலவசம் என்ற திட்டத்தைத் தொடங்கினார். பல் செட் கேட்டு மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். அத்தனை காலம் பொக்கை வாயோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். 1951 இல் பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முனைந்தது. பெவன் பதவியைத் தூக்கியெறிந்தார். ஏழையின் பல்லுக்காகப் பதவி துறந்த அமைச்சர்! 1968 இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பெரியவர்களில் 100 க்கு 37 பேருக்கு ஒரு பல்கூட இல்லை. 2009 இல் இங்கிலாந்திலே அது 6 ஆகக் குறைந்தது. மருத்துவமும், ஃபுளோரைடு பற்பசையும், பல்லைக் காக்கும் அறிவும் பரவியதன் பயன் அது.

இனி வெனீருக்கு வருவோம். அது பிறந்த இடம் ஹாலிவுட். 1928 அளவிலே சார்லஸ் பின்கஸ் எனும் பல் மருத்துவர், நடிகர்களின் பல் மேல் மெல்லிய ஓட்டைப் பசையால் ஒட்டினார். காமிரா ஓடும் வரை ஓடு நிற்கும். உணவுண்ணக் கழற்றியாக வேண்டும். முகத்துக்கு அரிதாரம்போலப் பல்லுக்கு ஓர் அரிதாரம். 1955 இல் மைக்கேல் புவனோகோர் என்ற அறிஞர், பாஸ்பாரிக் அமிலத்தைப் பல்லின் எனாமலிலே தடவினால் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டாகும். அவற்றிலே பிசின் வேர்விட்டுப் பற்றும் என்று கண்டார். 1983 இல் பீங்கான் ஓட்டையும் அவ்வாறே அமிலத்தால் பதப்படுத்தி எனாமலோடு நிலையாக ஒட்டும் முறை வந்தது.

இப்போது விளங்குகிறதல்லவா? வெனீரின் வலிமை ஓட்டிலே இல்லை. அடியிலுள்ள உன் சொந்த எனாமலிலே இருக்கிறது. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஓடு, பல் இல்லாத வெற்றிடத்திலே எதைப் பற்றி நிற்கும்? இரு பற்களுக்கு இடையே உள்ள சிறு சந்தை அதனால் மூடலாம். பல் விழுந்த இடத்தை மூட முடியாது. விழுந்த இடத்தை அப்படியே விட்டாலோ, பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் இறங்கும், தாடை எலும்பு தேயும்.

ஆகவே வரிசை மாறக் கூடாது. முதலிலே சொத்தையும் ஈறுநோயும் தீர வேண்டும். அடுத்து வெற்றிடம் நிரம்ப வேண்டும். அதற்கு மூன்று வழி. கழற்றி மாட்டும் பல் செட் ஒன்று. பக்கத்துப் பற்களைப் பற்றி நிற்கும் பிரிட்ஜ் மற்றொன்று. வெனீரை ஒட்டும் அதே அமில முறையால், பக்கத்துப் பல்லை அதிகம் அராவாமலே பின்புறத்திலே இறக்கை வைத்து ஒட்டுவதும் அதில் ஒரு வகை. மூன்றாவது இம்பிளான்ட். சுவீடன் அறிஞர் பிரோனெமார்க், 1952 இல் முயலின் எலும்பிலே வைத்த டைட்டானியம் எலும்போடு ஒன்றிப்போனதைக் கண்டார். 1965 இல் மனிதர் தாடையிலே அதைப் பல்லுக்கு வேராக நட்டார். வெற்றிடம் நிரம்பிய பிறகு, மிஞ்சிய முன்பற்களுக்கு விரும்பினால் வெனீர் போடலாம். நிறத்தை முன்னரே சேர்த்துத் திட்டமிட வேண்டும். சுட்டெடுத்த பீங்கான் பின்னால் வெளுக்காது. எனாமலை அராவியபின் அது மீண்டும் வளராது என்பதையும் நினைவிற்கொள்க.

நாற்காலியிலே சாயுமுன் கேளுங்கள், தோழர்களே! என் பல்லிலே எவ்வளவு அராவுவீர்? வெற்றிடத்துக்கு என்ன செய்வீர்? ஈறு நலமாக இருக்கிறதா? ஓடு உடைந்தால் பிறகு என்ன? விடை கூறத் தயங்குபவரிடம் வாயைத் திறக்காதீர்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, ஏறத்தாழ 350 கோடி மக்கள் வாய்நோயால் வாடுகின்றனர். அவர்களுக்கு வேண்டியது பளபளப்பு அன்று. வலியில்லாமல் மெல்லப் பல். பல் போனவர்க்கு, கட்டக்கூடிய விலையிலே ஒரு பல். இனி எவனும் தன் பல்லைப் பிறருக்காக விற்க வேண்டியதில்லை. அறிவியல் அதைச் செய்து முடித்தது. எவரும் வறுமையால் பல்லின்றி இருக்கலாகாது என்ற நிலை இன்னும் வரவில்லை. அதை அறிவியல் தனியே செய்யாது. நாம்தான் செய்ய வேண்டும்.