முற்செயலும் முழுமனிதரும்: கண்டி வரலாற்றையும் விஞ்ஞானப் புனைவுத் தொடர்களையும் முன்வைத்து ஓர் அறவியல் ஆய்வு

முன்னுரை

ஒருவர் முன்பு செய்த பிழையைக் கொண்டு அவருடைய இன்றைய இயல்பை முடிவுகட்டலாமா என்னும் வினா அறவியலில் மிகப் பழையது. கடந்த நாற்பது ஆண்டுகளில் இவ்வினாவை மீண்டும் மீண்டும் எடுத்தாண்ட கலைவடிவங்களுள் தொலைக்காட்சியின் விஞ்ஞானப் புனைவுத் தொடர் முக்கியமானது. கண்டி இராச்சியத்தின் இறுதிக் காலமும் அதைத் தொடர்ந்த கிளர்ச்சியும் அடங்கிய 1814 முதல் 1818 வரையான ஆண்டுகளில் இதே வினா மனித உயிர்களையும் குடும்பங்களையும் பணயமாக வைத்து எழுந்தது. இக்கட்டுரை அவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குகிறது.

வாதத்தின் தெளிவுக்காக இங்கு இரண்டு கருத்தாக்கங்கள் வேறுபடுத்தப்படுகின்றன. குறித்த ஒரு செயலுக்கு, அதைச் செய்த குறித்த ஒருவர் விடைசொல்லக் கடமைப்பட்டிருப்பது செயற்பொறுப்பு. அச்செயலையே அந்த மனிதரின் நிலையான பெயராக மாற்றி, அவருடைய பிற செயல்கள் அனைத்தையும் அப்பெயரின் வழியாகவே வாசிப்பது ஆள்முத்திரை. முதலாவது நீதிக்கு இன்றியமையாதது என்பதும், இரண்டாவது நீதியின் தோற்றத்தில் வரும் அநீதி என்பதும், முத்திரை குத்துபவர் தாம் கண்டித்த பிழையையே பெரும்பாலும் திரும்பச் செய்கிறார் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

விஞ்ஞானப் புனைவு தரும் ஆய்வுக்களம்

நடைமுறை வாழ்வில் ஒருவரின் பிறப்பு, உடல், நினைவு, சூழ்நிலை ஆகிய நான்கும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடப்பதால், அவர்மீதான நம் தீர்ப்பு எதன்மேல் ஊன்றி நிற்கிறது என்பதைக் கண்டறிவது அரிது. விஞ்ஞானப் புனைவு இவற்றைக் கற்பனையால் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் சோதனைக்கு உட்படுத்துகிறது. 1987இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் முதற் கதையிலேயே, கியூ எனப்படும் பேராற்றல் கொண்ட உயிரி மனித குலத்தின் கடந்தகாலக் கொடுமைகளுக்காக ஒரு விண்கலத்தின் மாலுமிகளைக் கூண்டில் நிறுத்துகிறது; கப்பற்றலைவர் பிக்கார்ட் அக்கொடுமைகள் நிகழ்ந்ததை மறுக்காமல், தம்மையும் தம் குழுவினரையும் இப்போதைய நடத்தையைக் கொண்டு சோதித்துப் பார்க்குமாறு கோருகிறார். பழையதை ஒளிக்காமலே அதன் சிறையிலிருந்து வெளியேறக் கேட்பது அக்கோரிக்கையின் சிறப்பு. அத்தொடர் 1994இல் முடிவுறும்போது அவ்விசாரணை ஒருபோதும் முடிந்திருக்கவில்லை என்று சொல்லப்படுவதும் கருதத்தக்கது. மனிதர்மீதான தீர்ப்பு இறுதியாக எழுதி மூடப்படக்கூடிய ஏடன்று என்ற கருத்து அதில் தொனிக்கிறது.

வழித்தோன்றல்மேல் சுமத்தப்பட்ட பழி

1814இல் சபரகமுவவின் திசாவையாகவும் (மாகாண ஆளுநராகவும்) அரசின் முதன்மை அதிகாரியாகவும் விளங்கிய எஹெலேபொல, அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனுக்கு எதிராகக் கிளர்ந்தார். கிளர்ச்சி தோற்று அவர் ஆங்கிலேயரின் ஆட்சிப்பகுதிக்குத் தப்பிச்சென்றபோது, கண்டியில் இருந்த அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். கணவரின் குற்றம் மனைவிக்கும், தந்தையின் குற்றம் சிறுவருக்கும் உரியதாக எண்ணப்பட்ட அச்செயல் அரசன்மீதான வெறுப்பை மலைநாடு முழுவதும் பரப்பியது. ஆங்கிலேயர் அடுத்த ஆண்டு கண்டிக்குள் நுழைவதற்கும் அது வழிசமைத்தது.

1815 மார்ச் 2ஆந் திகதி மகுல் மடுவ எனப்படும் அரச மண்டபத்தில் வாசிக்கப்பட்ட கண்டி ஒப்பந்தம், விசாரணையின்றி மரணமும் உடல்வதையும் விதித்ததை அரசனின் முதன்மைக் குற்றமாக எடுத்துரைத்தது. அக்கண்டனம் நேரியது. ஆனால் அதே ஒப்பந்தம் அரசனின் உறவினர் எவரும், இரத்த உறவாயினும் மணவுறவாயினும், என்றைக்கும் அரியணைக்கு உரியவராகார் என்றும், அவர்களுள் ஆண்கள் கண்டி மாகாணங்களின் பகைவர் என்றும், அனுமதியின்றி அங்கு நுழைந்தால் இராணுவச் சட்டத்தின் தண்டனைக்கு உள்ளாவர் என்றும் விதித்தது. தென்னிந்திய நாயக்கர் மரபினரான அக்குடும்பத்தாரில் ஆட்சியோடு தொடர்பற்றவரும் பலர் இருந்தனர் என்பதை அவ்விதி பொருட்படுத்தவில்லை. ஒரு தந்தையின் செயலுக்காகப் பிள்ளைகளைக் கொன்ற அரசனைக் கண்டித்த ஆவணம், ஓர் அரசனின் செயலுக்காக அவனுடைய ஆண் உறவினர் அனைவரையும் பகைவராக்கியது. தண்டனையின் கொடுமையில் இரண்டும் சமமல்ல. ஆயினும் குற்றம் குருதிவழியே இறங்கும் என்ற அடிப்படை எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

1991இல் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ கதையொன்று இவ்வெண்ணத்தைத் தனியே எடுத்து ஆராய்கிறது. சதிகாரரைத் தேடும் விசாரணையொன்றில் சைமன் டார்சஸ் என்னும் இளம் மாலுமியின் பாட்டனார் பகைநாட்டு இனத்தவர் என்பது வெளிப்படுகிறது. அதை அவர் பணிக்கு விண்ணப்பித்தபோது மறைத்தது உண்மை. அந்தப் பொய்க்கு அவர் விடைசொல்ல வேண்டியவரே. ஆனால் விசாரணையாளர் அந்தப் பொய்யிலிருந்து துரோகத்துக்கும், துரோகத்திலிருந்து குருதிக்கும் தாவுகிறார். செயற்பொறுப்பு எவ்வளவு எளிதாக ஆள்முத்திரையாகத் திரிகிறது என்பதற்கு இக்கதை தெளிந்த சான்று.

உடலில் தேடப்பட்ட குற்றம்

1817இல் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டபோது, அதை அடக்குமாறு ஊவாவின் திசாவையான மொனரவில கெப்பெட்டிபொல அனுப்பப்பட்டார். எஹெலேபொலவின் மனைவிக்குச் சகோதரரும், 1815 ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவருமான அவர், கிளர்ச்சியாளரைச் சந்தித்தபின் அவர்களோடு இணைந்து, ஆங்கிலேயர் தமக்குத் தந்த ஆயுதங்களை அவர்களிடமே திருப்பி அனுப்பினார் என்பது வரலாறு. கிளர்ச்சி தோல்வியுற்றபின் பிடிபட்ட அவருக்குப் படைநீதிமன்றம் மரண தண்டனை விதிக்க, 1818 நவம்பரில் மற்றொரு கிளர்ச்சித் தலைவரான மடுகல்லவுடன் சேர்த்துப் போகம்பறையில் அவர் தலை வெட்டப்பட்டது.

அவருடைய மண்டையோட்டை இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் பிரித்தானியாவுக்குக் கொண்டுசென்றார். பின்னர் அது எடின்பரோவின் மண்டையோட்டியற் கழகத்தைச் சென்றடைந்தது. மண்டையோட்டின் மேடுபள்ளங்களை அளந்து ஒருவரின் குணத்தையும் குற்றச்சார்பையும் கண்டறியலாம் என்று நம்பிய, பிற்காலத்தில் முற்றாகக் கைவிடப்பட்ட ஒரு போலி விஞ்ஞானமே மண்டையோட்டியல். 1820இல் நிறுவப்பட்ட அக்கழகம் அத்துறையின் முன்னணி அமைப்பாக இருந்தது. கெப்பெட்டிபொல மரணத்தை எதிர்கொண்ட அமைதியைத் தம் நூலில் மதிப்போடு பதிவுசெய்தவரும் மார்ஷலே என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு மனிதர் எடுத்த முடிவுக்கு அவர் கண்ட காட்சியும் கேட்ட முறையீடும் அவருடைய சிந்தனையும் காரணமாயிருந்திருக்க, அதன் விளக்கத்தை எலும்பில் தேடும் முறையொன்றிடம் அவர் தலை ஒப்படைக்கப்பட்டது. ஆள்முத்திரையின் மிகக் கொடிய வடிவம் இதுவே. இதன்படி மனிதர் மாறவே இயலாதவர், ஏனெனில் அவருடைய செயல் அவருடைய உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

2003இல் குறுந்தொடராகவும் 2004இலிருந்து முழுத்தொடராகவும் வெளிவந்த ‘பாட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில் ஒரே உருவமுடைய இருவர் வருகின்றனர். ஷரோன் என்ற பெயரில் கப்பலில் பணியாற்றிய செயற்கை மனிதப்பெண் கப்பற்றலைவரைச் சுடுகிறாள்; பின்னர் அதே உருவத்தில் வரும் மற்றொருத்தி, தான் அதைச் செய்யாதிருந்தும், அதே முகத்தை உடையவள் என்பதற்காக நெடுங்காலம் சிறையிலும் ஐயத்திலும் வைக்கப்படுகிறாள். முடிவில் அவளுக்குப் படைப்பதவி கிடைப்பது, உடலைப் பார்ப்பதை விடுத்து அவள் செய்த தெரிவுகளை மற்றவர்கள் பார்க்கத் தொடங்கியதன் விளைவு.

இருவருக்கு இரு நீதி

முற்செயலை அளவுகோலாகக் கொள்பவர்கள் அதை எல்லோருக்கும் ஒரே விதமாகப் பயன்படுத்துவதில்லை என்பதற்கு எஹெலேபொலவையும் மொல்லிகொடவையும் ஒப்பிடுவது போதுமானது. இருவரும் அரசனின் உயர் அதிகாரிகள். இருவரும் அவனை விட்டு விலகி ஆங்கிலேயரிடம் சேர்ந்தவர்கள். இருவரும் 1815 ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர்கள். 1814இல் எஹெலேபொலவுக்கு எதிராக அரசனின் படையை நடத்திச் சென்றவர் மொல்லிகொட. புதிய ஆட்சியில் மொல்லிகொட முதல் அதிகாரியாகித் தொடர்ந்து பதவியில் இருந்தார். எஹெலேபொலவோ 1818இல் ஐயத்தின்பேரில் கைதாகி, விசாரணை எதுவுமின்றிக் கொழும்பில் தடுத்துவைக்கப்பட்டு, 1825இல் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தார். ஒருமுறை தன் அரசனை விட்டு நீங்கியவர் மறுமுறையும் நீங்குவார் என்ற எண்ணம் அவர்மீதான ஐயத்துக்கு வலுவூட்டியது எனக் கருத இடமுண்டு. அவ்வெண்ணம் உண்மையானால் அது மொல்லிகொடவுக்கும் பொருந்தியிருக்க வேண்டும். விசாரணையற்ற தண்டனைக்காக ஓர் அரசனை நீக்கிய ஆட்சி, தனக்கு வெற்றி தேடித்தந்தவரையே விசாரணையின்றித் தண்டித்தது.

‘பாட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில் 2007இல் ஒளிபரப்பான கையஸ் பால்டரின் வழக்கு இதே முரணை எடுத்துக்கொள்கிறது. மக்களின் தலைவராக இருந்த பால்டர், படையெடுத்துவந்த பகைவரிடம் சரணடைந்து, துப்பாக்கிமுனையில் மரண உத்தரவுகளில் ஒப்பமிட்டவர். சாட்சிக் கூண்டில் பேசும் லீ அடாமா பால்டரைக் குற்றமற்றவர் என்று புகழ்வதில்லை. கலகம் செய்தவர்கள், சக வீரரைக் கொன்றவர்கள், தாமே தவறிய அதிகாரிகள் எனப் பலர் மன்னிக்கப்பட்டிருக்க, ஒருவர்மீது மட்டும் எல்லோருடைய வெட்கமும் ஏற்றப்படுகிறது என்று வாதிடுகிறார். நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் பால்டரை விடுவிக்கின்றனர். முற்செயல்மீதான கடுமை பெரும்பாலும் தீர்ப்பளிப்பவரின் சொந்தச் சங்கடத்திலிருந்து பிறக்கிறது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

அறிவித்தலால் மாறும் பெயர்

1818 ஜனவரியில் தேசாதிபதி றொபர்ட் பிரவுன்றிக் வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தல், கெப்பெட்டிபொல உள்ளிட்ட 19 தலைவர்களைத் துரோகிகள் என்று பிரகடனப்படுத்தியது. கெப்பெட்டிபொலவின் மண்டையோடு நாடு திரும்பி, 1954இல் கண்டியில் தலதா மாளிகைக்கு அண்மையில் அடக்கம் செய்யப்பட்டு, அவ்விடத்தில் நினைவுச்சின்னம் அமைந்தது. 2016 டிசம்பரில் இலங்கை அரசு பழைய பிரகடனத்தை நீக்கி, அத்தலைவர்களைத் தேசிய வீரர்களாக அறிவித்தது. ஏறத்தாழ இரு நூற்றாண்டு நிலவிய பழியை நீக்கிய இச்செயல் வரவேற்கத்தக்கது. எனினும் அறிவித்தலொன்றால் துரோகி வீரராக மாறும்போது, முத்திரையின் சொல் மட்டுமே மாறுகிறது. முத்திரை குத்தும் முறை அப்படியே நிற்கிறது. கெப்பெட்டிபொல ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டதும், இரண்டாண்டுகளுக்கு மேல் ஆங்கிலேயரின் கீழ்ப் பணியாற்றியதும் வீரர் என்ற புதிய பெயருக்குள் மறைந்துபோகின்றன. அவை மறைந்தால், அவர் ஆயுதங்களைத் திருப்பியனுப்பிய கணத்தின் பெருமையும் மறைந்துவிடும்; ஏனெனில் முன்பு வேறு பக்கம் நின்றவர் என்பதாலேயே அக்கணம் பெருமையுடையதாகிறது.

கடந்ததை முற்றாக அழித்துவிட்டால் என்ன நிகழும் என்பதை 1995இல் வெளிவந்த ‘பாபிலோன் 5’ கதை ஒன்று கற்பனை செய்கிறது. கொடிய கொலைகாரன் ஒருவனின் நினைவு தண்டனையாகத் துடைக்கப்பட, அவன் தன் கடந்தகாலத்தை அறியாமலே எட்வர்ட் என்னும் துறவியாக வாழ்கிறான். கொல்லப்பட்டவர்களின் உறவினர் அவனைக் கண்டுபிடித்துக் கொல்கின்றனர். அக்கொலையைச் செய்தவனும் நினைவு துடைக்கப்பட்டுத் துறவியாகிறான். நினைவை அழிப்பது பழிவாங்கலையும் தடுக்கவில்லை, மன்னிப்பையும் எளிதாக்கவில்லை. செய்ததை அறியாதவனிடம் மன்னிப்புக் கேட்கும் ஆற்றலும் இல்லை என்பதே அக்கதையின் கனம்.

மறுப்பும் விடையும்

இவ்வாதத்துக்கு ஒரு வலிய மறுப்பு உண்டு. ஆள்முத்திரையைக் கைவிட்டால் வலியோர் தம் குற்றங்களிலிருந்து எளிதாகத் தப்புவர் என்றும், பாதிக்கப்பட்டோரின் வலி மறக்கப்படும் என்றும் சொல்லப்படலாம். கொல்லப்பட்ட எஹெலேபொலவின் பிள்ளைகளை நினைப்பவர் எவரும் இம்மறுப்பை இலேசாகத் தள்ளமுடியாது. ஆனால் இதற்கான விடை கண்டியின் பௌத்த மரபுக்குள்ளேயே இருக்கிறது. மஜ்ஜிம நிகாயத்தில் இடம்பெறும் அங்குலிமாலனின் வரலாற்றில், பலரைக் கொன்றவன் புத்தரைச் சந்தித்துத் துறவியாகிறான். பிச்சைக்குச் செல்லும்போது கல்லாலும் தடியாலும் தாக்குண்டு குருதியோடு திரும்பும் அவனிடம், அது அவன் செய்த வினையின் பயன் என்றும் அதைப் பொறுத்துக்கொள்ளுமாறும் புத்தர் கூறுகிறார். செயலின் விளைவு நீங்கவில்லை. ஆனால் அவன் இனிக் கொலைகாரன் அல்லன். அவன் பெயரால் அமைந்த பிரித் ஓதல் கருவுற்ற தாய்மாரின் பாதுகாப்புக்காக இன்றும் இலங்கையில் ஓதப்படுகிறது. செயற்பொறுப்பையும் மனிதரின் மாற்றத்தையும் ஒருங்கே ஏற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆகவே முற்செயலை மதிப்பிடும்போது நான்கு வினாக்கள் எழுப்பப்பட வேண்டும். அச்செயலைச் செய்தவர் அவரேயா, அல்லது அவருடைய உறவினரோ இனத்தவரோ? செய்தபோது அவர் அறிந்திருந்தது என்ன, எத்தகைய நெருக்கடியில் நின்றார்? அதன்பின் அவர் செய்தது என்ன? அதே செயலைச் செய்த பிறருக்கும் இதே அளவுகோல் பயன்படுத்தப்படுகிறதா? நாயக்கர் உறவினர்மீதான விதி முதல் வினாவில் தோற்கிறது. ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட எவரையும் இரண்டாவதைக் கேளாமல் மதிப்பிட இயலாது. கெப்பெட்டிபொலவின் மண்டையோட்டை அளக்க முனைந்த முறை மூன்றாவதைக் கேட்கவே இல்லை. எஹெலேபொலவின் தடுப்புக்காவல் நான்காவதில் தோற்கிறது.

முடிவுரை

துரோகி, வீரர் என்னும் இரு சொற்களுக்குள் 1814 முதல் 1818 வரையான கண்டியின் மனிதர்களை அடைக்க முடியாது. அரசனின் கொடுமை, அதிகாரிகளின் ஒப்பம், ஆங்கிலேயரின் விசாரணையற்ற தண்டனை, கெப்பெட்டிபொலவின் மனமாற்றம் ஆகிய ஒவ்வொன்றும் அதைச் செய்தவரின் பெயரோடும் திகதியோடும் சூழ்நிலையோடும் பதியப்பட வேண்டும். அவற்றுள் எதுவும் ஒரு முழு வாழ்வின் பெயராகவோ ஒரு முழு இனத்தின் பெயராகவோ ஆக்கப்படக் கூடாது. கண்டியின் வரலாற்றைப் பாடநூல்களில் எழுதுவோரும், நினைவிடங்களில் விளக்கப் பலகை வைப்போரும், பாடசாலைகளில் அதைக் கற்பிப்போரும் பட்டங்களை விடுத்துச் செயல்களை முன்வைக்கத் தொடங்குவார்களாயின், இந்நாட்டின் அண்மைக்காலக் காயங்களைப் பற்றி நீதியோடு பேசுவதற்கும் மாணவர்கள் ஆயத்தமாவர்.