வயது வந்தோர் எழுத்தறிவும் மூளை நெகிழ்வுத்தன்மையும்

மூளை நெகிழ்வுத்தன்மை என்பது கற்றல், பட்டறிவு, காயம் முதலியவற்றுக்கு ஏற்ப மூளை தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் இயல்பு ஆகும். இளமையில் இது மிகுதி. முதிர்ந்த பின்னும் முற்றாக நின்றுவிடுவதில்லை. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்னும் பழமொழி பாதி உண்மையே எனலாம்.

எழுத்தறியாமல் வளர்ந்தோர் பின்னாளில் படிக்கக் கற்பது இவ்வியல்பை ஆராய நல்ல வாய்ப்பாகும். எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. எனவே வாசிப்புக்கெனத் தனிப் பகுதி எதுவும் பரிணாமத்தில் உருவாகியிருக்க இயலாது. வேறு பணிகளுக்கான பகுதிகளையே மூளை இதற்கும் பயன்படுத்துகிறது.

புதுக்கோட்டை அறிவொளி இயக்கம்

தமிழ்நாட்டில் வயது வந்தோர் கற்றலுக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு புதுக்கோட்டை மாவட்டம் ஆகும். 1988இல் தொடங்கப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் கீழ், 1991இல் இங்கு அறிவொளி இயக்கம் நடைபெற்றது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் மிதிவண்டி கற்பதையும் இதனுடன் இணைத்தார். பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரை நீக்கிக் கணக்கிட்டால், மாவட்டத்தின் ஊரகப் பெண்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் மிதிவண்டி ஓட்டக் கற்றதாக இதழாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார்.

வயது வந்தோரால் கற்க இயலும் என்பதற்கு இதுவே போதிய சான்று. ஆனால் கற்றவரின் மூளையில் எது, எவ்வளவு மாறியது என்பதை இதிலிருந்து பெற முடியாது. இயக்கம் சோதனையாக வடிவமைக்கப்பட்டதன்று. அது அதன் நோக்கமும் அன்று. தாமாக முன்வந்து வகுப்புக்கு வந்தோர், வராதோரைவிடத் தொடக்கத்திலேயே ஆர்வம் மிக்கவராக இருந்திருக்கலாம். உளவியலில் இது தன்தேர்வுச் சார்பு எனப்படும். மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி இம்மாவட்டத்தில் களப்பணி செய்து 2013இல் நூல் வெளியிட்டார். கைந்நாட்டு கையெழுத்தாக மாறுவதும், ஆட்சியருக்கு மனு அளிப்பதும் மக்களுக்கு என்ன பொருள் தந்தன என்பன போன்றவை அதன் வினாக்கள். அவற்றுக்கு மூளைப் படிமம் விடை தராது.

மூளைப் படிம ஆய்வுகள்

2010இல் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் குழுவினர் போர்ச்சுகல், பிரேசில் நாடுகளைச் சேர்ந்த 63 பேரை ஆராய்ந்தனர். இவர்களில் 10 பேர் எழுத்தறியாதோர். 31 பேர் சிறுவயதில் கற்றோர். எஞ்சிய 22 பேர் வயது வந்தபின் கற்றோர். முதல் இரு குழுக்களை மட்டும் ஒப்பிட்டால், வேறுபாட்டுக்குக் காரணம் எழுத்தா, பள்ளியா, வறுமையா எனப் பிரித்தறிய இயலாது. பள்ளி செல்லாமல் எழுத்து மட்டும் கற்ற மூன்றாம் குழுவிலும் மாற்றங்களுள் பெரும்பாலானவை தென்பட்டதே இவ்வாய்வின் வலிமை.

ஆயினும் இது ஒரே காலத்தில் எடுத்த ஒப்பீடு. அதே மனிதரைக் கற்பதற்கு முன்னும் பின்னும் அளப்பது இன்னும் உறுதியான முறையாகும். 2017இல் வெளியான ஆய்வில், லக்னோ அருகே சிற்றூர்களில் எழுத்தறியாத 21 பேர் ஆறு மாதம் இந்தி படிக்கக் கற்றனர். கற்பிக்கப்படாத 9 பேர் கட்டுப்பாட்டுக் குழுவாயினர். இக்குழு இல்லையேல், இரு எம்.ஆர்.ஐ. படிமங்களுக்கு இடையிலான வேறுபாடு காலத்தால் வந்ததா கல்வியால் வந்ததா என்று கூற முடியாது. பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டிய பெண்களான கற்றோர், முதல் வகுப்பு அளவுக்குத் தேறினர். பெருமூளைப் புறணியின் பார்வைப் பகுதிக்கும், ஆழத்திலுள்ள தலாமசு, நடுமூளை ஆகியவற்றுக்கும் இடையே இணைந்த செயற்பாடு அவர்களிடம் கூடியிருந்தது. எண்ணிக்கை சிறிது என்பதால் இதனை இறுதி முடிவாகக் கொள்ளலாகாது.

வாசிப்பைக் கற்கும்போது, முகங்களை அறியும் திறனுக்கான இடத்தை எழுத்து பறிக்கக்கூடும் என்னும் கருத்தும் 2010 ஆய்வுக்குப் பின் நிலவியது. உத்தரப் பிரதேசத்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு அதற்கு ஆதரவு தரவில்லை.

வாசிப்புக் குறைபாடு

டிஸ்லெக்சியா உடையோரின் தலாமசில் காணப்படும் வேறுபாடுகள் அக்குறைபாட்டின் காரணம் எனக் கருதப்பட்டன. ஆறு மாத வாசிப்பே அப்பகுதியின் செயற்பாட்டை மாற்றுமெனில், அவ்வேறுபாடுகள் குறைவாக வாசித்ததன் விளைவாகவும் இருக்கலாம் என 2017 ஆய்வாளர்கள் சுட்டினர். இவற்றுள் எது சரியென அறிய, குழந்தைகளை எழுத்துக் கற்கத் தொடங்கும் முன்பிருந்தே தொடர்ந்து ஆராய வேண்டும்.