தானுந்துக் குளிர்விப்பு அமைப்பு

தானுந்துக் குளிர்விப்பு அமைப்பு என்பது உள்ளெரி பொறியின் மிகை வெப்பத்தைக் குளிர்நீர்மத்தின் வழியே ரேடியேட்டருக்குக் கொண்டு சென்று காற்றில் வெளியேற்றும் அமைப்பாகும். நீரேற்றி, தெர்மோஸ்டாட், விசிறி ஆகியன இதன் பிற உறுப்புகள்.

எத்திலீன் கிளைக்காலும் நீரும் சம அளவில் கலந்த நீர்மம் ஏறத்தாழ −37 °செ வரை உறையாது. வெறும் நீரில் துருத்தடுப்பான் இல்லாமையால் ரேடியேட்டரின் நுண்குழாய்கள் நாளடைவில் அடைபடும்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அழுத்த வால்வும் ஆகும். உள்ளழுத்தம் கொதிநிலையை உயர்த்துவதால் 100 °செ-ஐக் கடந்தும் நீர்மம் கொதிப்பதில்லை. சூடான நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் வீழ்ந்து, நீர்மம் நொடியில் கொதித்துப் பீறிட்டுக் கடும் புண்களை உண்டாக்கும்.

எனவே ரேடியேட்டரை மாற்றுகையில் பொறி நன்கு ஆறிய பின்னரே நீர்மத்தை வடிக்க வேண்டும். வடித்ததைத் திறந்து வைத்தலாகாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நாய்களும் பூனைகளும் அதனை நக்கி இறப்பதுண்டு. புதிய நீர்மம் நிரப்பியபின் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றாவிடில், புதிய ரேடியேட்டர் இருந்தும் பொறி மிகையாகச் சூடேறும்.