ஐந்து மாதம் புலியாக இருந்த பால்சுறா

2001 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை, சட்டத்தின் கண்ணில், நம் ஊர் மீன் சந்தையில் பால்சுறா விற்ற பாட்டியும் புலித்தோல் விற்றவனும் ஒன்று. மிகைப்படுத்தவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. புலி, சிங்கம், யானை எல்லாம் அதில்தான். அந்த ஜூலையில் மத்திய அரசு ஒரே அறிவிப்பில் எல்லாச் சுறாக்களையும் எல்லாத் திருக்கைகளையும் அதில் ஏற்றிவிட்டது. பிடித்தால் குற்றம், விற்றால் குற்றம், கூடையில் வைத்திருந்தாலும் குற்றம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறணும் என்று சுறாப்புட்டு செய்து கொடுத்த வீடுகள் எத்தனை இருந்திருக்கும் அந்த ஐந்து மாதத்தில்! ஒருவருக்கும் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்காது.

இது எங்கே தொடங்கியது என்று பார்க்க குஜராத்துக்குப் போக வேண்டும்.

சௌராஷ்டிரக் கடற்கரையில், வேராவலை ஒட்டிய ஊர்களில், கோடைக்கு முன்னால் திமிங்கலச் சுறாக்கள் வரும். உலகத்திலேயே பெரிய மீன். பன்னிரண்டு மீட்டர் நீளம்கூட இருக்கும். ஆனால் தின்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் சின்ன மீன்களும். மனிதனைக் கண்டு ஓடவும் ஓடாது, தாக்கவும் தாக்காது. அதுதான் அதற்கு வினையாகப் போனது. ஆரம்பத்தில் ஈரல் எண்ணெய்க்காகத்தான் பிடித்தார்கள். மரப்படகில் தண்ணீர் ஏறாமலிருக்கப் பூசுவார்கள். தொண்ணூறுகளில் இறைச்சிக்கு வெளிநாட்டில், குறிப்பாகத் தைவானில், விலை கிடைத்தது. வெள்ளையாகவும் மெத்தென்றும் இருப்பதால் அங்கே அதற்கு ‘டோஃபு சுறா’ என்று பெயர்.

வேட்டை முறை எளிது. பெரிய இரும்புக் கொக்கியை உடம்பில் குத்துவார்கள். கொக்கியில் கயிறு, கயிற்றில் காலிப் பீப்பாய்கள். மீன் மூழ்கப் பார்க்கும், பீப்பாய் மேலே இழுக்கும். களைத்து ஓய்ந்ததும் உயிரோடு கரைக்கு இழுத்து வருவார்கள். அந்த மீனுக்கே அங்கே ‘பேரல்’ என்றுதான் பெயர். கொல்கிற கருவியின் பெயரையே கொல்லப்படுகிற உயிருக்கு வைத்திருந்தார்கள். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. ஒரு பருவத்துக்கு நூற்றுக்கணக்கில் கரை சேர்ந்தன.

மைக் பாண்டே இந்த வேட்டையைப் படமெடுத்தார். ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ என்ற அந்த ஆவணப்படம் 2000இல் வந்தது. வெளிநாட்டில் விருதும் வாங்கியது. 2001 மே மாதம் திமிங்கலச் சுறா முதல் அட்டவணைக்குள் வந்தது. இந்தியாவில் அந்த இடத்துக்கு வந்த முதல் மீன் அது. அதுவரை சட்டத்துக்கு மீன் என்றால் உணவு, அவ்வளவுதான்.

இரண்டே மாதத்தில் அடுத்த பாய்ச்சல்: எல்லாச் சுறாவுக்கும் தடை. காரணம் இல்லாமல் இல்லை. சூப்புக்காகத் துடுப்பு ஏற்றுமதி சூடுபிடித்திருந்தது. சுறாவோ மெதுவாக வளர்ந்து, தாமதமாகப் பருவமடைந்து, கொஞ்சமாகக் குட்டி போடும் உயிர். நெத்திலி மாதிரி அடுத்த வருஷமே பெருகிவிடாது. ஆனால் தடை போட்டவர்கள் கடலைக் காடு போல நினைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. காட்டில் வேட்டைக்காரன் ஒரு மானைக் குறி பார்க்கிறான். வலை அப்படிக் குறி பார்க்காது. சூரைக்குப் போட்டதில் சுறாவும் விழும். அதோடு, கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பகுதிக்காரர்களுக்குச் சுறாதான் தொழில். ஆயிரங்கால் தூண்டிலோடு மேற்குக் கடல் முழுக்க, குஜராத் வரைக்கும் போய் வருகிறவர்கள். அவர்களிடம் போய் திடீரென்று நீங்கள் எல்லாம் வேட்டைக்காரர்கள் என்றால்?

மீனவர்கள் எதிர்த்தார்கள். டிசம்பரில் அரசு இறங்கி வந்தது. பட்டியலில் பத்து இனங்கள் மட்டும் நின்றன: திமிங்கலச் சுறா, இன்னும் மூன்று சுறாக்கள், ரம்ப மூக்கு கொண்ட வேளா மீனில் மூன்று வகை, இரண்டு திருக்கைகள், ஒரு கிட்டார் மீன்.

இந்தப் பத்தைத்தான் உற்றுப் பார்க்கணும். அதில் ஒன்று பாண்டிச்சேரி சுறா. 1839இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது, அதுவும் நம் புதுச்சேரியில் கிடைத்த மீனை வைத்து. உலக அருங்காட்சியகங்களில் எல்லாம் சேர்த்து இருபதுகூட இல்லை. கடைசியாக உறுதி செய்யப்பட்ட பதிவு 1979. ஆக, சட்டம் வருவதற்கு இருபத்திரண்டு வருஷம் முன்பே அது கண்ணில் படுவது நின்றுவிட்டது. துடுப்பு நுனி கறுப்பு. ஆனால் நுனி கறுத்த சுறாக்கள் நம் கடலில் இன்னும் பல உண்டு. பிரித்தறிய வாயைத் திறந்து மேல்பல்லைப் பார்க்க வேண்டும்: அடிப்பக்கம் ரம்பம், நுனி வழவழப்பு. அதிகாலை மூன்று மணிக்கு, ஆடுகிற படகில், டார்ச் வெளிச்சத்தில் யார் பார்ப்பார்? மாட்டினால் பல வருஷம் சிறை.

கிட்டார் மீனின் கதை இன்னும் வினோதம். பட்டியலில் இருந்த அறிவியல் பெயர், பின்னர் நடந்த வகைப்பாட்டு ஆய்வுகளின்படி, செங்கடலிலும் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலும் வாழும் இனத்துக்கு உரியது. நம் வலையில் விழுவது அதன் உறவுக்கார இனங்கள். சட்டம் பக்கத்துக் கடலின் மீனுக்குக் காவல் நின்றது.

திமிங்கலச் சுறாவின் கதை அப்படி முடியவில்லை. அங்கேயும் சட்டம் வந்ததும் வேட்டை உடனே நின்றுவிடவில்லை; பல ஊர்களில் சட்டமே தெரியாது. 2004இல் குஜராத் வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் ஒரு பிரச்சாரம் தொடங்கின. கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபுவை அழைத்து வந்தார்கள். அவர் மீனவர்களிடம் அட்டவணை பற்றிப் பேசவில்லை. இந்த மீன் பிரசவத்துக்குப் பிறந்த வீடு வரும் மகள் என்றார். ‘வ்ஹாலி’ என்று பெயர் வைத்தார்கள். செல்லமானவள் என்று பொருள். அவை உண்மையில் குட்டி போடத்தான் அங்கே வருகின்றனவா என்பதை அறிவியல் இன்னும் நிறுவவில்லை. பரவாயில்லை. பேரல் என்று கூப்பிட்ட ஒன்றைக் கொக்கியால் குத்தலாம். பிறந்த வீடு வந்தவளைக் குத்த எந்த ஊர் அப்பனுக்குக் கை வரும்?

ஆனால் பெயர் மட்டும் போதுமா? போதாது. வலையில் அவ்வளவு பெரிய மீன் சிக்கினால் வலையை அறுத்தால்தான் விடுவிக்க முடியும். வலை கடனில் வாங்கியது. அதனால் அறுந்த வலைக்கு 25,000 ரூபாய் வரை வனத்துறை கொடுத்தது. பாசப் பேச்சைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். இந்த இழப்பீட்டை அடிக்குறிப்பாக்கிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஜூலைத் தடையில் இல்லாதது இதுதான். அங்கே மீனைக் காப்பாற்றும் செலவு முழுக்க மீனவன் தலையில்.

பிறகு சட்டங்கள் தொடர்ந்தன. 2013இல் துடுப்பை மட்டும் வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் வீசத் தடை, 2015இல் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை, 2022இல் சட்டத்திருத்தம், பட்டியல் இன்னும் நீண்டது.

வேராவல் பக்கம் மீனவர்களுக்குச் சின்ன கேமராக்கள் கொடுத்தார்கள். முன்பெல்லாம் திமிங்கலச் சுறா சிக்கினால் அதிகாரி படகில் வந்து பார்க்கும்வரை அறுக்காமல் காத்திருக்கணும்; அதற்குள் மீன் துவண்டுவிடும். இப்போது அவர்களே படமெடுக்கிறார்கள். முதலில் வலையோடு ஒரு படம், அறுத்துவிட்டபின் போகும் புள்ளி முதுகு ஒரு படம். அதைக் காட்டி வலைக்காசு வாங்கிக்கொள்கிறார்கள். இப்படி விடுவிக்கப்பட்டவை எண்ணூறைத் தாண்டிவிட்டன.